‘குத்துவன்’ என்று சொன்ன டொக்டர்

அவர் வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு நோயாளியை ஓட்டிவிட்டார்.

நான் அப்போது பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியின் பல் பகுதியில் நர்ஸாக இருந்தேன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பையன் கதிரையில் ஏற மாட்டேனென்று காலை உதறிக்கொண்டிருந்தான். "டொக்டர் மாமா சும்மா டோர்ச் அடிச்சுப் பார்ப்பாருடா. ஊசியெல்லாம் போட மாட்டாரு. அப்பிடித்தானுங்களே ஐயா?" என்று சொல்லிவிட்டு அவள் டொக்டருக்குக் கண்ணால் சாடை காட்டினாள்.

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த எல்லா டொக்டர்மாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வந்தவரோ ஊசியை எடுத்து, பையனுக்கு நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, "இல்லையப்பு. குத்துவன்," என்றார்.

பையன் கதவைத் தாண்டி ஓடினான். தாய் அவனுக்குப் பின்னால் ஓடினாள். நான் தாய்க்குப் பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் இறக்கத்தில், ஒரு கடலைக்காரரின் வண்டிக்குக் கீழே அவனைக் கண்டுபிடித்தோம். திரும்பி வந்தபோது டொக்டர் அமைதியாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன டொக்டர் இது?" என்றேன்.

"தாய் கேட்டவ. நான் பதில் சொன்னன்."

"ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் ஏறி உக்காந்திருப்பானே!"

"அப்ப குத்தேக்கை என்ன சொல்லுறது மிஸ்?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. மூச்சுத்தான் இருக்கவில்லை.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால், அவர் இதைப் படித்துவிட்டு, எங்கெங்கே விவரம் பிழை என்று திருத்தி அனுப்பக்கூடிய ஆள். யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம். உயரமானவர், மெலிந்தவர். நெற்றி நடுமண்டை வரை ஏறியிருந்தது. காதுகள் இரண்டும் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியவை போல முன்னுக்கு நிற்கும். மலைத்தோட்டத்தில் பிறந்த எங்களுக்குப் பதுளை வெக்கையான ஊர். நமுனுகுல மலையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வருகிற சனம் பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்ளும். அவர் மட்டும் அந்த வெயிலில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இண்டைக்கும் குளிர்தான்," என்பார். அதையும் உண்மையாகத்தான் சொன்னார். அவருக்குக் குளிர்ந்தது.

பொய் சொல்ல அவருக்கு வராது. சிலருக்குப் பாட வராது, சிலருக்குச் சைக்கிள் ஓட்ட வராது, அதுபோல. எங்கள் தலைமை நர்ஸ் தன் பிறந்தநாளுக்குத் தானே கிண்டிய தொதல் இனிப்பைக் கொண்டுவந்தபோது எல்லாரும் கண்ணை மூடி ‘ஆகா’ என்றோம். இவர் நீண்ட நேரம் மென்றார். பிறகு, "பல்லுக்குக் கூடாத சாமான். வாய்க்கும் அவ்வளவா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தில் நிறுத்தியது, எனக்குத் தெரிந்து அவர் பார்த்த பெரிய தாட்சண்யம்.

பண்டாரவளைச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்காரர், நாலு பேர் நிற்கும்போது, "போன கிழமை கொடுத்த லீக்ஸ் எப்பிடிங்க ஐயா?" என்று கேட்டிருக்கிறார். "உள்ளுக்கு அழுகல்," என்று இவர் சொன்னாராம். அந்தக் கடைக்காரர் அன்றிலிருந்து இவருக்கு மட்டும் தன் கையால் பொறுக்கிப் போடத் தொடங்கினார். இதை டொக்டர் தன் கொள்கைக்குக் கிடைத்த வெற்றியாக என்னிடம் அடிக்கடி சொல்வார். மற்ற நாலு பேரும் வேறு கடைக்குப் போனதை நான் அவருக்கு நினைவூட்டுவேன்.

அவருடைய உண்மை பாதி நேரம் எங்கள் சனத்துக்கு விளங்காது. அது வேறு கூத்து.

பல் முழுதும் சொத்தையான சின்னப் பிள்ளைகளைக் கதிரையில் உட்கார வைத்து ஒவ்வொரு பல்லாக வைத்தியம் பார்க்க முடியாது. ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், முழு மயக்கம் கொடுத்து, நித்திரையில் வைத்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்வார்கள். பிள்ளை கண் விழிக்கிற அறையில் நிற்பது என் வேலை. ஒரு தடவை, பண்டாரவளைப் பக்கத்துத் தாய் ஒருத்திக்கு அவர் எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கிக்கொண்டிருந்தார். "பிள்ளையை நித்திரையாக்கிப்போட்டு வாயை விறைக்கப் பண்ணுவம். எழும்பேக்கையும் கொஞ்ச நேரம் விறைச்சுத்தான் இருக்கும்."

யாழ்ப்பாணத்தில் மரத்துப்போவதற்கு அதுதான் சொல்லாம். எங்கள் தோட்டத்தில் விறைத்துப்போனவரைக் குளிப்பாட்டி, நடு வாசலில் கிடத்தி, தப்பு அடிக்க ஆள் அனுப்புவோம். அந்தத் தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் புள்ளைய விறைக்கப் போடப் போறாங்களாமே!"

நான் ஓடிப்போனேன். "மரத்துப் போறதும்மா! மரத்து! காலை மடிச்சு உக்காந்தா மரத்துப் போகுதில்ல, அது மாதிரி!"

டொக்டர் அந்தச் சொல்லை உடனே பிடித்துக்கொண்டார். அன்று பின்னேரம் முழுதும் வார்டில் நடந்து நடந்து அதைப் பழகினார். அடுத்த தாயிடம் மிகுந்த கவனத்தோடு, "மரத்துப் போகும், அம்மா. விறைக்காது. விறைச்சாத்தான் பிரச்சினை," என்றார். அந்தத் தாயையும் நான்தான் தரையிலிருந்து தூக்கினேன்.

மயக்கம் தெளிகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது விளங்கும். அது நித்திரையிலிருந்து எழும்புவது போல இருக்காது. கண் திறக்கும், ஆனால் பார்க்காது. தாயே பக்கத்தில் நின்றாலும் ‘அம்மா, அம்மா’ என்று கத்தும். கை காலை வீசும். நான் ஐந்து வயதுப் பிள்ளையிடம் வாங்கிய உதையில் ஒரு கிழமை நொண்டியிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பிறகு அந்தப் பிள்ளைக்கு உதைத்தது ஞாபகமே இருக்காது. எனக்கு இருக்கும்.

இதில் டொக்டருக்கு ஒரு தலைவலி இருந்தது. பல் பிடுங்கிய இடத்தில், பிள்ளை நித்திரையாக இருக்கும்போதே மரக்கிற ஊசியும் போட்டுவிட்டால், விழிக்கும்போது வலி இருக்காது. ஆனால் உதடும் கன்னமும் நாக்கும் இல்லாதது போலத் தோன்றும். சிலதுகள் அதற்கே பயந்து அழும். ஊசி போடாவிட்டால் வலிக்கு அழும். "ரெண்டுக்கும் அழுகினம் மிஸ். எந்த அழுகை நல்லது?" என்று என்னிடமே கேட்பார். பிறகு தானே புத்தகங்களைத் தேடிப் படித்துவிட்டு வந்து, "புத்தகம் எழுதினவைக்கும் சரியாத் தெரியேல்லை," என்பார், ஏமாந்த முகத்தோடு.

ஒருநாள் ஒரு பையன் மரத்த உதட்டைத் தன்னுடையதென்று தெரியாமல் மென்றுவிட்டான். இரண்டாம் நாள் உதடு புண்ணாகி, பழுத்த கொய்யாப்பழம் போல வீங்கி வந்து நின்றான். அவனுக்கு ஒருவரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. "ஒண்ணுமில்ல ராசா, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்பதைத் தவிர. அதைச் சொன்னது நான்தான். எல்லாப் பிள்ளைக்கும் அதைத்தான் சொல்வேன். இன்றைக்கும் அதில் பெரிய பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் டொக்டர் அந்த உதட்டைப் பார்த்த பிறகு, சத்திரசிகிச்சைக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லத் தொடங்கினார். இரத்தம் வரும், வாந்தி வரலாம், கத்துவாய், உதடு காணாமல் போகும், பிறகு திரும்பி வரும் என்று ஒன்றையும் விடமாட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த ஒரு தகப்பன், பாதியில் எழும்பிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். அந்தப் பிள்ளை மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கித் திரும்பி வந்தது. இரண்டு நாள் காய்ச்சல் கொதித்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் டொக்டர் நேரம் கிடைத்தபோதெல்லாம் தேநீர் அறையில் கோப்பையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

நான் சொன்னேன், "டொக்டர், பசிச்சவனுக்குச் சோறு போடலாம். சட்டியோட தலையில கவுக்கலாமா?"

"அப்ப எப்பிடிச் சொல்லுறது?"

"அவுங்க எவ்வளவு கேக்குறாங்களோ அவ்வளவு சொல்லுங்க."

அவர் யோசித்தார். "கேக்கிறதுக்கு மட்டும் பதில்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். என் பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் நான் நினைத்ததற்கு நேர்மாறாகப் போய் முடிந்தது. ஏனென்றால் அடுத்ததாக வந்தது, கேட்பதற்கென்றே பிறந்த ஒரு பெண்பிள்ளை.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம். ஐந்து வயது. பெயர் வேண்டாம், சின்னவள் என்றே சொல்கிறேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டே வார்டுக்குள் வந்தாள். போன வருஷம் எங்கேயோ ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், நாலு பேர் பிடித்து ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிறகு பார்த்தால் ஐஸ்கிரீம் கடை பூட்டியிருந்திருக்கிறது. பல்லைப் பிடுங்கியதை அவள் மன்னித்துவிட்டாள் என்றும், பூட்டிய கடையைத்தான் மன்னிக்கவில்லை என்றும் எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து யாருக்கும் வாயைக் காட்டுவதில்லையாம். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவாளாம். சாப்பாடென்றால் தேத்தண்ணியில் ஊறப்போட்ட பிஸ்கட். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இரவில் காய்ச்சல் வந்து வந்து போகிறது என்று தாய் சொன்னாள். இதற்கு மேலும் விட்டால் என்ன ஆகும் என்பதை வீங்கின முகத்தோடு வந்த பிள்ளையிடம் நாங்கள் பார்த்திருந்தோம்.

டொக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "வாயைக் காட்ட வேண்டாம். கேள்வி இருந்தாக் கேள். உள்ளதைச் சொல்லுவன்," என்றார்.

கைகளுக்குப் பின்னாலிருந்து முதல் கேள்வி வந்தது. "ஐஸ்கிரீம் தருவீங்களா?"

எனக்கு அது பொறி என்று தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தப்பினார்.

"இல்லை. நாளைக்கு விடியப் பச்சைத் தண்ணியும் தரமாட்டம். வெறும் வயிறு வேணும்."

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் ஒரு விரலைத் தளர்த்தினாள்.

"பல்லு புடுங்குவீங்களா?"

"ஓம். ஆறோ ஏழோ. உள்ளுக்குப் பாத்தாத்தான் தெரியும்."

"ஐயா!" என்றாள் தாய், அடிபட்டவள் போல.

"வலிக்குமா?"

"பிடுங்கேக்கை நித்திரையிலை இருப்பாய், தெரியாது. எழும்பின பிறகுதான் கதை. அதுக்கு ரெண்டு வழி இருக்கு. மரக்கிற மருந்து போட்டா நோகாது, ஆனா உதடு உன்ரை இல்லை மாதிரி இருக்கும். போடாட்டி உதடும் உன்ரை, நோவும் உன்ரை. எது வேணும்?"

தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு என்னாங்க மிஸ் தெரியும்? அஞ்சு வயசுப் புள்ளகிட்டப் போயி..."

சின்னவள் யோசித்துவிட்டுக் கேட்டாள். "என் உதடு எப்பிடி என்னோடது இல்லாமப் போவும்?"

டொக்டர் தன் காலைத் தட்டிக் காட்டினார்.  காலை மடித்து உட்கார்ந்தால் வருமே, அதைச் சொன்னார். ஐந்து வயதுக் காலுக்கு அதெல்லாம் வருவதில்லை, அது ஓரிடத்தில் இருந்தால்தானே. "தெரியலயே," என்றாள் அவள். அவர் எழும்பிப் போனார். தோற்றுப்போய்ப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஊசியும் கைக்கண்ணாடியும் கொண்டுவந்தார்.

"டொக்டர், வேணாம்," என்றேன், விளங்கிவிட்டதால்.

"இதைப் பிடியுங்கோ மிஸ்," என்று கண்ணாடியை என் கையில் தந்தார். கீழ் உதட்டை இழுத்து, தன் வாய்க்குள் தானே ஊசியைக் குத்தி மருந்தை இறக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"வலிச்சிச்சா?" சின்னவள் கட்டில் விளிம்புக்கு வந்திருந்தாள்.

"நல்லா நொந்தது."

"அழுவுறீங்களா?"

"கண்ணீர் தானா வருது," என்றவர், அது முழு உண்மையில்லை என்று பட்டதோ என்னவோ, "ஓம், அழுறன்," என்றார்.

மருந்து பிடிக்கும்வரை மூவரும் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு தேத்தண்ணி கேட்டார். குடித்தார். பாதி உள்ளே போனது, பாதி ஸ்வெட்டரில் இறங்கியது. "மிச்சத் தேத்தண்ணி எங்கை?" என்று உண்மையாகவே தேடினார். சின்னவள் ஒரு கையை மட்டும் எடுத்து நீட்டி, அவருடைய கீழ் உதட்டைக் கிள்ளினாள்.

"இது தெரியுதா?"

"இல்லை."

இன்னும் பலமாகக் கிள்ளினாள். "இது?"

"இல்லை. ஆனா பேந்து, மருந்து விட்டாப்பிறகு தெரியும். கொஞ்சம் மெதுவா."

அந்த நேரம் பார்த்து, எங்கள் பெரிய டொக்டர் தன் பரிவாரத்தோடு வார்டுக்குள் வந்தார். ஒரு கேள்வி கேட்டார். இவர் தரையிலிருந்து எழும்பிப் பதில் சொன்னார். வார்த்தைகள் குழைந்து வந்தன, கூடவே கொஞ்சம் தேத்தண்ணியும். பெரிய டொக்டரின் முகம் மாறியது. நெஞ்சில் தேத்தண்ணி, கண்ணில் தண்ணீர், தொங்கின உதடு. நாற்பது வயது மனிதருக்கு வரக்கூடாத பாரிசவாதம் வந்துவிட்டது என்றே அவர் முடிவு செய்துவிட்டார். இவரைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்து, "சிரியுங்க பார்ப்போம்," என்றார். இவர் சொன்னபடியே சிரித்தார். அது பார்க்கப் பயங்கரமாக இருந்தது. "ரெண்டு கையையும் மேல தூக்குங்க!"

டொக்டர் இரண்டு கையையும் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில், சின்னவளும் இரண்டு கையையும் தூக்கினாள்.

தூக்கிக்கொண்டே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். வாயை முழுதாகத் திறந்து, கட்டிலில் மல்லாந்து விழுந்து சிரித்தாள். உள்ளே கறுத்த கட்டைகள் தெரிந்தன, கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடிகள் போல. தாய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். மகளுடைய வாயை அவளே ஒரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாளாம். டொக்டரோ, கையைத் தூக்கியபடியே குனிந்து அந்த வாய்க்குள் பார்த்தார்.

"நான் முதல் சொன்னது பிழை," என்றார் சின்னவளிடம், குழறிக்கொண்டு. "எட்டு."

"பல் ஊசி, சேர். நானே போட்டன்," என்று பெரிய டொக்டருக்கு விளக்கியபோது, அவர் இவருடைய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். பிறகு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"இவ கேட்டவ."

அன்று பின்னேரம் சின்னவள் தன் தீர்ப்பைச் சொன்னாள். "எனக்கும் அந்த ஊசியே போடுங்க. நான் தூங்கின பொறவு போடணும்." அதோடு முடிந்தது என்று நான் படுக்கையை இழுத்து விரித்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொன்று வைத்திருந்தாள்.

"நான் முழிக்காமப் போயிட்டா?"

தாயின் கை அவளுடைய தலையில் அப்படியே நின்றது. பக்கத்து லயத்து வீட்டில் ஒருவர் தூங்கப் போனவர் எழும்பவில்லையாம். சின்னவள் போய்ப் பார்த்திருக்கிறாள்.

 இப்படிப்பட்ட கேள்விக்கு இந்த மனிதர் கணக்கெல்லாம் சொல்லத் தொடங்கினால், இவளை நான் எந்தக் கடலை வண்டிக்குக் கீழே தேடுவது? அவருக்கு முதுகுப் பக்கம் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படவில்லை. தன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நான் வைத்தியம் செய்த பிள்ளையள் எல்லாம் எழும்பிட்டுதுகள்," என்றார். "எழும்பின உடனை என்னைப் பேசினதுகள், கண்டபாட்டுக்கு ஏசினதுகள். நீ எழும்ப மாட்டாய் எண்டு நான் நினைச்சா உன்னை உள்ளுக்குக் கொண்டு போகவே மாட்டன். அம்மாவோடை பஸ்ஸிலை ஏத்தி அனுப்பிப்போடுவன். நித்திரையாக்கிறதுக்கெண்டே ஒரு டொக்டர் இருக்கிறா. நீ முழிக்கும் வரைக்கும் அவ உன்னை விட்டு அங்காலை போக மாட்டா. நானும் நிப்பன்."

சின்னவள் ஒவ்வொரு வார்த்தையாகக் கடித்துப் பார்த்தாள். பொய் எதுவும் பல்லில் அகப்படவில்லை போலும். "சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் தியேட்டருக்குத் தன் காலால் நடந்து போனாள். எட்டுப் பல்லும் வந்தன. மிச்சமிருந்தவற்றை அடைத்தார்கள். மரக்கிற ஊசியைப் போடும்போது டொக்டர் நித்திரையாக இருந்தவளின் காதுக்குக் கிட்டக் குனிந்து, "இப்ப போடுறன்," என்று சொன்னதை உள்ளே நின்ற நர்ஸ் பிறகு எனக்குச் சொன்னாள்.

விழிக்கிற அறையில் சின்னவள் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் கத்தினாள். என் வயிற்றில் ஒரு உதை, தாயின் தலைமயிரில் ஒரு பிடி. டொக்டரைப் பார்த்து, தொப்பியோடு நின்றவரைப் பார்த்து, தோட்டத்துக் கங்காணியே வாயில் எடுக்க யோசிக்கிற ஒரு சொல்லைச் சொன்னாள். "நான் சொன்னனான்தானே, பேசுவினம் எண்டு," என்று அவர் தாயிடம் பெருமையாகச் சொன்னார்.

பிறகு அவளுடைய கை மெதுவாக வாய்க்குப் போனது.  தொட்டாள். அமுக்கினாள். கண் பெரிதானது. அழப் போகிறாள் என்று தெரிந்தது. ‘ஒண்ணுமில்ல ராசாத்தி’ என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டொக்டர் கைக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இருக்கு. பார். வடிவா இருக்கு. கொஞ்ச நேரத்துக்கு உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ங்கொழுக்கட்ட," என்றாள். தன் உதட்டைத்தான்.

அன்று மரப்பு விடும்வரை, கடித்துவிடக் கூடாதென்று, கீழ் உதட்டை இரண்டு விரலால் முன்னுக்கு இழுத்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். யாரோ தன்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமான் போல. தண்ணீர் குடிக்கும்போது மட்டும் தாயிடம் கொடுத்தாள், பிடித்திருக்கச் சொல்லி.

தாய் டொக்டரிடம் தனியாகக் கேட்ட கேள்வியை நான் மறைவாக நின்று கேட்டேன் என்று சொல்ல முடியாது. திரைக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, இது எங்க தப்புங்களா? ராவுல அழுதா போத்தல்ல சீனி போட்டு பால் குடுத்துத்தான் படுக்க வச்சேன். லயத்துல ஒரு செவருதானுங்க. பக்கத்துக் காம்பராக்காரங்க விடிய பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேர் குடுக்கணும். புள்ள கத்துனா ஏசுவாங்க."

இதற்கு இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சீனிப்பால் போத்தலோடு நித்திரையாக்கினால் பல் கரையும். அதுதான் காரணம். ஆமாம் என்றுதான் சொல்வார். நான் துணியை வைத்துவிட்டு, அவரைத் தடுக்க என்ன சாக்கில் உள்ளே போகலாம் என்று யோசித்தேன்.

"போத்தில்தான் காரணம்," என்றார். தாய் தேம்பும் சத்தம் கேட்டது. "அது உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தெரியாமச் செய்தது பிழையில்லை. இப்ப நான் சொல்லிட்டன். வீட்டிலை இன்னொரு குழந்தை இருக்கெண்டு சொன்னனீங்கள். அதுக்கும் இனிச் சீனி போட்டுக் குடுத்தீங்களெண்டால், அது உங்கடை பிழை. அப்ப வாங்கோ, நான் பேசுறன்."

தேம்பல் அடங்கியது. பிறகு அவள் கேட்டாள், "வெறும் தண்ணி குடுத்தா கத்துமேங்க ஐயா?"

"கத்தும். ரெண்டு மூண்டு நாள் நல்லாக் கத்தும்."

"பக்கத்துக் காம்பராவுல..."

"பேசுவினம்," என்றார் அவர்.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அடுத்த வருஷம் அவர் மாற்றலாகி வடக்குக்குப் போனார். பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லாரும் அழுகிற மாதிரிப் பேசினார்கள். அவர் எழும்பி, "உங்கள் எல்லாரையும் மறக்க மாட்டன் எண்டு சொல்ல எனக்கு விருப்பம். ஆனா சில பேரை மறந்திடுவன்," என்றார். அதற்குப் பிறகு கேக் வெட்டும்வரை எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் போன சில மாதங்களுக்குப் பிறகு சின்னவள் தாயோடு வந்தாள். பிடுங்கின இடத்தில் புதுப்பல் முளைத்திருக்கிறதா என்று பார்க்க. வாயில் கையில்லை. நேரே என்னிடம் வந்து, "அந்த டொக்டர் எங்க மிஸ்?" என்றாள்.

"அவரு ஊருக்கு மாத்தலாகிப் போயிட்டாரு."

"திரும்பி வருவாரா?"

‘வருவாரு’ என்று சொல்லத்தான் இருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது வரவில்லை. "வர மாட்டாரு," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, வெளியே இருந்த நீள மர வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

வாங்கில் அன்று நல்ல கூட்டம். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒரு தாய் தன் பிள்ளையிடம், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்து, "எறும்பு இல்ல," என்றாள். "நல்லா வலிக்கும். கண்ணுல தண்ணி வரும். பொறவு ஒதடு காணாமப் போயிரும். தேத்தண்ணி குடிச்சா கீழ ஊத்தும். ரத்தம்கூட வரும். சிவப்பாத் துப்பணும்."

வாங்கு காலியாகத் தொடங்கியது. பிள்ளைகள் ஓடின, தாய்மார் ஓடினார்கள். வேலைக்குச் சேர்ந்திருந்த புது நர்ஸ் அவர்களுக்குப் பின்னால் ஓடினாள். நான் ஓடவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. அதோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட முடியாது.

கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தார். முறுக்கு மீசை வைத்த பெரிய மனிதர். தோட்டத்தில் லொறி ஓட்டுகிறவராம். தாடையைச் சுற்றித் துவாயால் கட்டியிருந்தார். எழும்பப் பார்த்தவர், பாதியில் நின்று, சின்னவளை நோக்கிக் குனிந்தார்.

"அப்புறம் என்னா பாப்பா ஆவும்?"

"அப்புறம் முடிஞ்சிரும்," என்றாள் அவள். "வீட்டுக்குப் போயிரலாம்."

அவர் நிமிர்ந்தார். பிறகு துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.